வெள்ளைக்கழிச்சல் வைரஸின் வம்சாவளியைத் தேடுவது எப்படி? டெல்டாவில் ஆய்வு தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

தை அறுவடை முடிந்த கையோடு மன்னார்குடி, ஒரத்தநாடு, பாபநாசம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களுக்கு உரச்சாக்கில் சுற்றிய கோழிகள் வரத் தொடங்கும். கொண்டுவருபவர் சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். முந்தின நாள் சாயங்காலம் தூங்கி விழுந்தன, விடிந்து பஞ்சாரத்தைத் தூக்கினால் ஏழு செத்துக் கிடந்தன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து இரைப்பு, பிழைத்த ஒன்றிரண்டுக்கும் கழுத்து முறுக்கிக்கொள்ளும். ஊரில் இதற்குச் சீக்கு என்று பெயர். வேறு அடைமொழி தேவைப்படுவதில்லை. புத்தகத்தில் வெள்ளைக்கழிச்சல், இராணிக்கெட், உலக அளவில் நியூகாஸில் நோய். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸிலிலும் அறியப்பட்ட நோய், அடுத்த ஆண்டே குமாவோன் மலையிலுள்ள இராணிக்கெட்டில் தென்பட்டது. அந்த மலையூரின் பெயர் நம் கொல்லைக் கோழியின் மேல் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வைரஸின் மரபணுவை ஆராய முதன்முதலாக இறங்கும் முதுகலை மாணவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மரபணு ஆய்வு என்றதும் பலருக்குக் கணினித் திரையில் விரியும் வம்சமரம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த மரத்துக்குப் பொருள் இருக்குமா இருக்காதா என்பது கோழி செத்த வீட்டின் கொல்லையிலேயே, குப்பியில் ஒட்டும் சீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் ஆய்வகத்தை விடக் கொல்லைக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வைரஸைப் பற்றி முன்கூட்டித் தெரிய வேண்டியவை

இது ஒற்றை இழை ஆர்.என்.ஏ. வைரஸ். மரபுத்தொகுதியின், அதாவது அதன் மொத்த மரபுச் செய்தியின், நீளம் ஏறத்தாழ 15,200 எழுத்துகள் (ஆர்.என்.ஏ. இழையின் அடிப்படை அலகுகள்). துல்லியமாகச் சொன்னால் 15,186, 15,192, 15,198 என்ற மூன்றில் ஒன்று. மூன்றும் ஆறால் வகுபடும். இந்தக் குடும்பத்து வைரஸ்களில் பலவும் ஆறின் மடங்காக இருந்தால்தான் ஒழுங்காகப் பெருகும். முழு மரபுத்தொகுதியை வரிசைப்படுத்தி முடித்ததும் நீளத்தை ஆறால் வகுத்துப் பாருங்கள். மீதி வந்தால் எங்கோ கோர்த்ததில் பிழை.

மரபணுக்கள் ஆறு: என்.பி., பி, எம், எஃப், எச்.என்., எல். நமக்கு முதன்மையானது எஃப். வைரஸின் உறையைக் கோழியின் செல் உறையோடு இணைய வைக்கும் புரதம் இதிலிருந்துதான் வருகிறது. வீரியத்தைச் சொல்லும் அடையாளமும் இதில்தான் இருக்கிறது, மரபுவகை (வைரஸின் வம்சக் கிளை) பிரிப்பதும் இதை வைத்துத்தான். குறியீட்டுப் பகுதியின் நீளம் 1,662 எழுத்துகள், அமினோ அமிலங்கள் 553.

படி 1: கேள்வியைக் குறுக்குங்கள்

"டெல்டாவில் சுற்றும் வெள்ளைக்கழிச்சல் வைரஸின் மரபியல்" என்பது ஆய்வேட்டின் அட்டைக்கு நன்றாக இருக்கும். வேலை செய்ய உதவாது. இந்தப் பருவத்தில் செத்த கொல்லைக் கோழிகளிலும் அதே ஒன்றியத்துப் பண்ணைக் கோழிகளிலும் இருப்பது ஒரே கிளையா? அறுவடைக்குப் பின் வயலில் மேயும் வாத்துக் கூட்டத்திலும் அது இருக்கிறதா? கோயில் கோபுரத்துப் புறாவிடம் இருப்பது வேறு வகையா? இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் எங்கே, எப்போது, எத்தனை மாதிரி என்பது தானாகவே தெளியும்.

டெல்டாவுக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. வழக்கமான ஆண்டில் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை, புரட்டாசி ஐப்பசியில் அதன் அறுவடை, தை மாசியில் சம்பா அறுவடை. இரண்டு அறுவடைக்கும் பின்னால் தாள் நிற்கும் வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் ஊர் ஊராக நகர்வார்கள். வாத்து இந்த வைரஸைச் சுமக்கும், பெரும்பாலும் நோயில் படுக்காது. இன்னொரு பக்கம் ஆடி மாத அம்மன் திருவிழா, தீபாவளி, பொங்கலை ஒட்டி வாரச்சந்தைகளில் கோழி கைமாறும். மாதிரி எடுக்கும் திட்டத்தை இந்த நாட்காட்டியின் மேல் போடுங்கள். கல்விப் பருவத்தை ஒட்டித் திட்டம் போட்டால் சீக்கு முடிந்த பிறகுதான் போய்ச் சேருவீர்கள்.

படி 2: அனுமதியும் பறவைக் காய்ச்சலும்

நிறுவனத்தின் விலங்கு நெறிக் குழு, உயிர்ப் பாதுகாப்புக் குழு இரண்டிடமும் முதலிலேயே அனுமதி வாங்கிவிடுங்கள். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இந்நோய் இருக்கிறது. ஆகவே பகுதிக் கால்நடை உதவி மருத்துவருக்குத் தெரியாமல் மாதிரி எடுக்கக் கூடாது. அவருக்குத் தெரிவிப்பதில் உங்களுக்கும் லாபம் உண்டு. எந்தத் தெருவில் சீக்கு என்று முதலில் அறிபவர் அவரே.

ஒரே நாளில் கூட்டமாகச் சாவு, தலை வீக்கம், கொண்டையும் காலும் நீலம் பாய்தல் இருந்தால் கோழியை அறுக்காதீர்கள். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் எச்5என்1 வந்ததிலிருந்து பறவைக் காய்ச்சல் இங்கே தொலைதூர அச்சமாக இல்லை. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க எவராலும் முடியாது. அந்தச் சந்தேகத்துக்குத் துறை வழியாகப் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகம்தான் பதில் சொல்ல வேண்டும். வெள்ளைக்கழிச்சல் வைரஸே மனிதரின் கண்ணில் பட்டால் சில நாள் கண் சிவந்து நீர் வடியும். கண்ணாடி, கையுறை, முகக்கவசம் இல்லாமல் பஞ்சாரத்தில் கை வைக்க வேண்டாம்.

படி 3: மாதிரி

இப்போதுதான் செத்த கோழி, அல்லது தூங்கி விழும் கோழி. இவை இரண்டே நல்ல மாதிரி தருபவை. சித்திரை வெயிலில் காலையில் செத்தது மதியத்துக்குள் கெட்டுவிடும், அதில் ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கும். உயிருள்ள பறவையானால் தொண்டையிலிருந்து ஒரு ஸ்வாப், எச்சத்துளையிலிருந்து ஒரு ஸ்வாப். செயற்கை இழை சுற்றிய பிளாஸ்டிக் குச்சியே வேண்டும். மரக்குச்சியும் கால்சியம் ஆல்ஜினேட் பஞ்சும், மரபணுவைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுப்பவை. செத்த பறவையானால் மூச்சுக்குழல், மண்ணீரல், மூளை, முன்னிரைப்பை ஆகியவற்றிலிருந்து துண்டுகள். முன்னிரைப்பையின் உட்சுவரில் ஊசி குத்தியதுபோல் இரத்தப் புள்ளிகள் இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குடலைத் தனிக் குப்பியில் போடுங்கள். அதிலுள்ள பாக்டீரியா மற்றவற்றையும் கெடுத்துவிடும்.

கடத்து திரவத்தில் திசுவுக்கும் தொண்டை ஸ்வாபுக்கும் மில்லிலிட்டருக்குப் பெனிசிலின் 2,000 அலகு, ஸ்ட்ரெப்டோமைசின் 2 மில்லிகிராம் என்பது வழக்கம். எச்சத்துளை ஸ்வாபுக்கு இதைப்போல் ஐந்து மடங்கு. 4 டிகிரியில் நான்கு நாள் வரை வைக்கலாம், அதற்கு மேல் மைனஸ் 80 டிகிரிக்குப் போக வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்து, மின்சாரம் போகும்போதெல்லாம் உருகி மறுபடி உறைய விடுவதைப் போலக் கெடுதல் வேறில்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு இந்தப் பகுதியில் மின்சாரம் இல்லாமல் நாட்கணக்கில் கிடந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வேலை செய்வதானால் மாதிரியைத் தடவிக் காய வைக்கும் எஃப்.டி.ஏ. அட்டையும் கையில் இருக்கட்டும். அட்டையில் வைரஸ் செயலிழந்துவிடும், ஆர்.என்.ஏ. சாதாரண வெப்பத்திலும் நிற்கும். வைரஸை உயிரோடு வளர்க்க முடியாது என்பதுதான் குறை.

வெவ்வேறு வீட்டு மாதிரிகளை ஒரே குப்பியில் சேர்க்கக் கூடாது. ஐந்து வீட்டைச் சேர்த்து ஒன்றாக அடைத்தால் செலவு மிச்சம் என்று தோன்றும். பிறகு வரும் வரிசை எந்த வீட்டுடையது என்று கேட்டால் விழிக்க வேண்டியதுதான்.

சீட்டு விஷயத்தில் என் சொந்தத் தவறைச் சொல்லிவிடுகிறேன். முதல் பயணத்தில் குப்பிகளின் மேல் சாதாரணப் பேனாவால் எழுதினேன். பனிக்கட்டி உருகிய நீரில் வல்லத்துக் குப்பியும் அம்மாப்பேட்டைக் குப்பியும் ஒரே வெள்ளையாக வந்து சேர்ந்தன. பதினெட்டு மாதிரிகளையும் வீசினேன். இப்போது பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று உள்ளே, ஆல்கஹாலில் அழியாத மையால் எண் ஒன்று வெளியே, அதே எண் நோட்டில்.

அந்த நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, ஊர், பறவை இனம், வயது, கொல்லையா பண்ணையா, எத்தனை இருந்தன, எத்தனை செத்தன, என்ன தடுப்பூசி, எந்தத் தேதியில், யார் போட்டது. கடைசி மூன்றையும் விட்டுவிட்டால் படி 6-இல் சிக்கிக்கொள்வீர்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். சீக்கு தட்டிய அன்றே மிச்சக் கோழிகளைச் சந்தைக்கு அனுப்பிவிடுவது ஊர் வழக்கம். "விற்றீர்களா?" என்று கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நஷ்டத்தில் பாதியையாவது மீட்கப் பார்த்தவரைக் குற்றவாளிபோல் கேட்பதும் சரியில்லை. நான் கணக்குக் கேட்பேன். "பொங்கலுக்கு எத்தனை உருப்படி இருந்தது அக்கா? செத்தது எத்தனை? அடையில் இருப்பது எத்தனை?" பதினாறில் ஒன்பது செத்து இரண்டு நின்றால் மீதி ஐந்தின் வழி தானாகத் தெரிந்துவிடும். அக்காவும் சிரித்துக்கொண்டே சந்தையின் பெயரைச் சொல்லிவிடுவார்.

படி 4: ஆய்வகத்தில்

இந்தப் பகுதிக்கு எழுதப்பட்ட நெறிமுறைகள் ஏராளமாக இருப்பதால் சுருக்கமாகப் போகிறேன். திசுவை அரைத்து 10 முதல் 20 சதவீதக் கரைசலாக்கி, சுழற்றித் தெளிந்த நீரை எடுத்து, 9 முதல் 11 நாள் வயதுள்ள நோயற்ற கருமுட்டைகளின் அல்லன்டாயிக் குழியில் (கருவைச் சுற்றிய நீர்ப்பையில்) 0.2 மில்லி செலுத்துவது பழைய முறை. 24 மணி நேரத்துக்குள் செத்த கருவைக் கழித்துவிடுங்கள். அது பெரும்பாலும் ஊசிக் காயம் அல்லது பாக்டீரியா. பிறகு முட்டை நீர் கோழியின் சிவப்பணுக்களைத் திரட்டுகிறதா என்று பாருங்கள். பறவைக் காய்ச்சல் வகை வைரஸ்களும் திரட்டும். ஆகவே வெள்ளைக்கழிச்சல் எதிர்ச்சீரத்தால் அந்தத் திரட்சி தடைபடுகிறதா என்றும் பார்த்தால்தான் முடிவு.

மரபணு மட்டும் போதுமென்றால் முட்டை இல்லாமல் நேராக ஸ்வாபிலிருந்தே ஆர்.என்.ஏ. எடுக்கலாம். முட்டையில் வளர்க்கும்போது கலப்புத் தொற்றில் வேகமாக வளரும் வைரஸ் மற்றதை அமுக்கிவிடும் என்பதால், நேர்மாதிரியையும் ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்ப்பது எனக்குப் பிடித்த பழக்கம்.

ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிப் பெருக்கும் ஆர்.டி. பி.சி.ஆரில் முதலில் எம் மரபணுவை வைத்து வைரஸ் உண்டா என்று சலித்துவிட்டு, உண்டு என்றவற்றில் மட்டும் எஃப் முழுவதையும் பெருக்குங்கள். வரிசையை வாசிக்கும் சாங்கர் முறை ஒரு வாசிப்பில் 700 முதல் 900 எழுத்துகள்தான் நம்பகமாகத் தரும். 1,662-ஐ ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மூன்று துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரு திசையிலும் வாசியுங்கள். எஃப் புரதம் வெட்டப்படும் வெட்டுமிடத்தை (படி 6) ஒட்டிய சிறு துண்டை மட்டும் வாசித்துவிட்டு மரபுவகை சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வீரியம் அறிய அது போதும், மரபுவகை அறியப் போதாது.

ஆர்.என்.ஏ. பிரிக்கும் இடமும், பி.சி.ஆர். கலவை சேர்க்கும் இடமும், பெருக்கிய பொருளைத் திறக்கும் இடமும் வேறு வேறு அறையாக இருக்க வேண்டும். ஓர் ஆய்வகத்தில் லசோட்டா தடுப்பூசியையே, சோதனை ஒழுங்காக ஓடுகிறதா என்று காட்டும் நேர்மறைக் கட்டுப்பாடாக வைத்திருந்தார்கள். கூட்டமாகச் செத்த நாட்டுக் கோழிகளிலிருந்து அச்சு அசலாக லசோட்டா வரிசை வந்தபோது மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். மாதிரி சேர்க்காமல் தண்ணீர் மட்டும் வைத்த சோதனைக் குழாயிலும் அதே வரிசை வந்த பிறகுதான் உறைத்தது.

படி 5: வரிசையைச் சுத்தம் செய்தல்

வாசிப்புக் கருவி தரும் உச்சிகளின் வரைபடமான குரோமடோகிராமைக் கண்ணால் பாருங்கள். மென்பொருள் தரும் எழுத்தை அப்படியே நம்ப வேண்டாம். தரமதிப்பு 20 என்றால் நூறில் ஒரு எழுத்து தவறாக இருக்கலாம், 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. இரு முனையிலும் கலங்கிய பகுதியை வெட்டுங்கள். ஒரே இடத்தில் இரண்டு உச்சி சம உயரத்தில் திரும்பத் திரும்ப வந்தால் கலப்புத் தொற்றா என்று யோசியுங்கள். கோர்த்து முடித்த வரிசையை அமினோ அமிலமாக மாற்றிப் பார்க்கையில் நடுவில் நிறுத்தக் குறி வந்தால் ஓர் எழுத்து கூடவோ குறையவோ வாசித்திருக்கிறீர்கள்.

படி 6: வெட்டுமிடத்தை வாசித்தல்

எஃப் புரதம் முதலில் வெட்டப்படாத ஒற்றைத் துண்டாக உருவாகிறது. கோழியின் நொதி அதை இரண்டாக வெட்டினால்தான் வைரஸ் செல்லுக்குள் புக முடியும். வெட்டும் இடம் 112 முதல் 117 வரையுள்ள அமினோ அமிலங்களில். மிதமான லசோட்டாவில் அங்கே ஜி-ஆர்-க்யூ-ஜி-ஆர்-எல் என்று இருக்கும் (ஒவ்வோர் எழுத்தும் ஓர் அமினோ அமிலம்; ஆர் ஆர்ஜினின், கே லைசின், எஃப் ஃபீனைல்அலனைன்). இதை வெட்டும் ட்ரிப்சின் போன்ற நொதிகள் மூச்சுப்பாதையிலும் குடலிலும்தான் உண்டு. ஆகவே வைரஸ் அங்கேயே அடங்கிவிடும். வீரியமானவற்றில் ஆர்-ஆர்-க்யூ-கே-ஆர்-எஃப் போல ஆர்ஜினினும் லைசினும் நெருங்கி நிற்கும். இதை வெட்டும் ஃபியூரின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இருப்பதால் மூளை, மண்ணீரல், இரைப்பை எங்கும் பரவும். பஞ்சாரத்தில் ஏழு செத்ததற்கும் அந்தக் கழுத்து முறுக்கலுக்கும் காரணம் இந்தச் சில எழுத்துகள்தான்.

உலக விலங்கு நல அமைப்பின் வரையறைப்படி 113 முதல் 116 வரை குறைந்தது மூன்று ஆர்ஜினின் அல்லது லைசினும், 117-இல் ஃபீனைல்அலனைனும் இருந்தால் அது வீரிய வைரஸ். அல்லது ஒரு நாள் குஞ்சுகளின் மூளையில் வைரஸைச் செலுத்திக் கணக்கிடும் குறியீடு 0.7 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். குஞ்சுகளைக் கொல்லாமல் வரிசையாலேயே முடிவு சொல்ல முடிவது இந்த ஆய்வின் பெரிய வசதி.

இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். நம் ஊரில் எட்டு வார வயதில் இறக்கையடியில் போடும் ஆர்2பி தடுப்பூசி முக்தேஸ்வர் என்ற தடுப்பூசி வைரஸின் வழி வந்தது, நடுத்தர வீரியம் கொண்டது. அதன் வெட்டுமிடமும் ஆர்-ஆர்-க்யூ-ஆர்-ஆர்-எஃப் என்றே இருக்கும். வரையறைப்படி பார்த்தால் அதுவும் வீரியப் பட்டியலில் விழும். சீக்கு பரவுகிறது என்று பயந்து, ஏற்கனவே தொற்றிய கோழிக்கு அவசரமாக ஊசி போடுவதும் இங்கே சாதாரணம். நான்கு நாள் கழித்து நீங்கள் எடுக்கும் ஸ்வாபில் வருவது ஊசி வைரஸா, கொன்ற வைரஸா? வெட்டுமிடம் மட்டும் இதைச் சொல்லாது. எஃப் முழுவதையும் ஆர்2பி வரிசையோடு ஒப்பிட்டு, மரத்தில் அது மரபுவகை 3-இல் முக்தேஸ்வர் பக்கத்தில் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும், நோட்டில் எழுதிய ஊசித் தேதியையும் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள்.

படி 7: மரம் வரைதல்

பொது வரிசைத் தொகுப்பான ஜீன்பேங்க்கில், ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் கருவியால் தேடி மேலே வந்த பத்து வரிசைகளை மட்டும் எடுத்து மரம் வரைந்தால் உங்கள் வைரஸ் எங்கே விழுந்தாலும் அழகாகத் தெரியும். அதற்கு மதிப்பில்லை. 2019-இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட ஒருங்கிணைந்த வகைப்பாட்டோடு ஒப்பீட்டுக்கான வரிசைத் தொகுப்புகளும் கிடைக்கின்றன. அவற்றோடுதான் சேர்க்க வேண்டும். இந்த வைரஸ்களுக்கு இரண்டு பெரும் வகுப்புகள்; அதன்படி இரண்டாம் வகுப்பில் மரபுவகைகள் 1 முதல் 21 வரை (15 மட்டும் கலப்பு வரிசைகளால் ஆனதென்று நீக்கப்பட்டது). முதல் வகுப்பு வரிசை ஒன்றை, மரத்தின் வேர் எங்கே என்று காட்டும் வெளிக்கிளையாக வையுங்கள். லசோட்டா, பி1, ஆர்2பி, முக்தேஸ்வர் ஆகிய தடுப்பூசி வரிசைகளும் மரத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

மாஃப்ட் அல்லது மசில் மென்பொருள் கொண்டு வரிசைகளை அடுக்கி, மெகா மென்பொருளில் எழுத்துகள் மாறும் விதத்தைக் கணிக்கும் பொருத்தமான பதிலீட்டுக் கணக்கைத் தேர்ந்து, அதிகபட்ச நிகழ்தகவு முறையில் 1,000 பூட்ஸ்ட்ராப்போடு (கிளைகள் எவ்வளவு நம்பகமானவை என்று திரும்பத் திரும்பச் சோதிக்கும் முறை) வரையுங்கள். புதிய மரபுவகை என்று சொல்ல மற்ற வகைகளிலிருந்து சராசரித் தூரம் 10 சதவீதத்துக்கு மேலும், துணைவகைக்கு 5 முதல் 10 சதவீதத்துக்குள்ளும், கணுவில் பூட்ஸ்ட்ராப் ஆதரவு 70-க்குக் குறையாமலும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத குறைந்தது நான்கு வைரஸ்களும் தேவை. இரண்டு பஞ்சாரத்து மாதிரியை வைத்துப் புது வகை அறிவிக்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். இந்தியக் கோழிகளில் 13-ஆம் வகை பல முறை பதிவாகியிருக்கிறது. புறாக்களில் 6, 21 வகைகளை எதிர்பார்க்கலாம்.

ஊருக்கு ஊர் பரவிய திசையை மரத்திலிருந்து படிக்க முனைபவர்களுக்கு ஒரு கணக்கு. வீரிய வைரஸ்களில் ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் மாற்றம் நிகழ்கிறது. 1,662 எழுத்துகளில் அது ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு. ஆகவே ஒரே மாதத்தில் திருவாரூரிலும் கும்பகோணத்திலும் எடுத்த இரண்டு எஃப் வரிசைகள் ஒன்றுபோல் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று எழுத முடியாது. முழு மரபுத்தொகுதி இருந்தால் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கூடும், ஓரளவு பேசலாம். அப்போதும் சந்தையின் பெயரைச் சொன்ன அக்காவின் கணக்குதான் திசையைக் காட்டும்.

படி 8: தடுப்பூசி பொருந்தவில்லை என்று எழுதும் முன்

லசோட்டாவும் பி1-உம் மரபுவகை 2. கோழியைக் கொன்றது 13. தூரம் 10 சதவீதத்துக்கு மேல். உடனே "தடுப்பூசி பயனற்றது" என்று முடிவுரை எழுதிவிடுகிறார்கள். இந்த வைரஸ்கள் எல்லாம் ஒரே சீரவகை, அதாவது ஒன்றுக்கு எதிராக உண்டாகும் எதிர்ப்பு மற்றதையும் அடையாளம் காணும். ஒழுங்காகப் போட்ட லசோட்டா வேறு மரபுவகையால் வரும் நோயிலிருந்தும் சாவிலிருந்தும் காக்கிறது. தொற்றையும், எச்சத்தில் வைரஸ் வெளியேறுவதையும் முழுதாக நிறுத்துவதில்லை. மரபுவகை பொருந்தும் ஊசி அந்த வெளியேற்றத்தைக் குறைக்கலாம் என்ற வாதம் நியாயமானது, அதை ஆராயுங்கள். ஆனால் நீங்கள் பார்த்த சாவுகளில் எத்தனை கோழிக்கு ஊசியே போடப்படவில்லை, எத்தனைக்கு வெயிலில் காய்ந்த மருந்து போடப்பட்டது என்பதை நோட்டைப் புரட்டி முதலில் எண்ணுங்கள். டெல்டாவின் கொல்லைகளில் பெரும்பாலும் அங்கேதான் விடை இருக்கும் என்பது என் கருத்து.

படி 9: பதிவும் திரும்பிப் போவதும்

வரிசையை ஜீன்பேங்க்கில் சேர்க்கும்போது பறவை, நாடு, மாவட்டம், எடுத்த தேதி ஆகியவற்றைக் கொடுங்கள். வீட்டுக்காரர் பெயரும் தெருவும் வேண்டாம். தேதி இல்லாத வரிசையைப் பின்னால் வருபவர் காலக்கணக்குக்குப் பயன்படுத்த முடியாது.

முடிவு வந்ததும் ஒரு தாளில் எழுதிப் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். பிறகு கோழி செத்த வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். மரபுவகை எண்ணை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரத்தில் லசோட்டா, எட்டாவது வாரத்தில் இறக்கையடி ஊசி. பிப்ரவரியில் அரசு நடத்தும் இருவார முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். கோழியைப் பிடிக்க முடியாத வீடுகளுக்குத் தமிழ்நாடு கால்நடை அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய குருணைத் தடுப்பு மருந்து இருக்கிறது, தீனிபோல் தூவினால் போதும். அடுத்த முறை சீக்கு தட்டினால் சந்தைக்கு அனுப்பும் முன் உங்களுக்கு ஒரு போன் செய்யச் சொல்லி எண்ணைப் பஞ்சாரத்துக்கு மேலே சுவரில் கரியால் எழுதிவிட்டு வாருங்கள். என்னுடைய இரண்டாம் ஆண்டு மாதிரிகளில் நல்லவை எல்லாம் அந்தச் சுவர்களைப் பார்த்து வந்த அழைப்புகளால் கிடைத்தவை.